பாடம் சொன்ன சாருக்கே டெக்னிக்கல் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 28. அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பள்ளியிலும் கல்லூரியிலும் கூடைப்பந்து ஆடியவர். நடுவர் தேர்வில் தேறி, இரண்டு வருடமாகக் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் விசில் ஊதுகிறார்.

போன மாதம் மாவட்ட அளவில் 17 வயதுக்கு உட்பட்ட மாணவியர் இறுதி ஆட்டம். மூத்தவர் ஒருவர் முதன்மை நடுவர், இவர் இரண்டாவது நடுவர். ஒரு தனியார் பள்ளி அணியின் கோச், இவர் எட்டாம் வகுப்பில் இருந்தபோது இவர் கையில் முதன்முதலாகப் பந்தைக் கொடுத்த சார். முதல் குவார்ட்டரிலிருந்தே அவர் உட்காரவில்லை. எதிரணிப் பெண் லே-அப் (ஓடிவந்து கூடைக்கு அருகில் பந்தைப் போடுவது) போகும்போதெல்லாம் "டிராவலிங்! டிராவலிங்!" என்று, பந்தோடு அளவுக்கு மீறி அடி வைத்ததாகக் கத்தினார். இரண்டாவது குவார்ட்டரில் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். இடைவேளையில் ஸ்கோரர் மேசைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த பிளஸ் ஒன் மாணவியிடமிருந்து ஸ்கோர் ஷீட்டைத் தன் பக்கம் இழுத்து, "உனக்கு இதை எழுதத் தெரியுமா?" என்று கேட்டார். மூன்றாவது குவார்ட்டரில், இரண்டு அணிப் பிள்ளைகளும் கேட்கும்படி, "உனக்கு விசில் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தாண்டி" என்றார். பெற்றோர் சிலர் சிரித்தார்கள். இவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்தக் கோச்சின் முக்கிய ஆட்டக்காரிக்கு இவர் சார்ஜிங் ஃபவுல் (இடம்பிடித்து நிற்பவர் மேல் மோதும் தவறு) கொடுத்தார். மோதி விழுந்த அந்த ஆட்டக்காரியே எழுந்து கையைத் தூக்கி, "என் ஃபவுல்தான் மேடம்" என்றிருக்கிறாள். கோச்சோ தண்ணீர் பாட்டிலை ஆடுகளத்துக்குள் வீசினார். முதன்மை நடுவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "விடுங்க மேடம், முடியப்போகுது" என்றார். அந்த அணி மூன்று பாயிண்டில் தோற்றது. இருட்டும் நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் கோச்சும் இரண்டு பெற்றோரும் இவருடைய ஸ்கூட்டியை மறித்து, "இனிமே இந்த ஏரியாவுல விசில் ஊதிப் பாரு" என்று மிரட்டியிருக்கிறார்கள். மறுநாள் "காசு வாங்கிட்டு ஊதின நடுவர்" என்ற வரியோடு ஒரு வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. முதன்மைக் கல்வி அலுவலரிடம் புகார் கொடுத்து ரிசல்ட்டையே கேன்சல் பண்ணுவேன் என்று கோச் சொல்லித் திரிகிறாராம்.

"குருவுக்கு எப்படி சார் டெக்னிக்கல் கொடுப்பது? கொடுத்தால் தண்டனை பிள்ளைகளுக்குத்தானே? என் வேலைக்கு ஆபத்து வருமா? போலீசுக்குப் போகலாமா? அடுத்த மாதம் அவர் அணிக்கு மறுபடி ஆட்டம் இருக்கிறது. நான் ஒதுங்கிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். (டெக்னிக்கல் என்பது, மோதலுக்காக அல்லாமல் மோசமான நடத்தைக்காகக் கொடுக்கும் ஃபவுல்.)

அன்புள்ள சகோதரிக்கு,

வழக்கறிஞர் என்பதோடு, கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் மன்னார்குடியிலும் பள்ளி ஆட்டங்களுக்குப் பல வருடம் விசில் ஊதியவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். முதலில் ஒன்று. அந்தச் சார்ஜிங் முடிவைப் பற்றிக் கடிதம் முழுக்க மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருக்கிறீர்கள். தடுக்கும் பெண் ஆட்டக்காரிக்கு முகம் காட்டி, இரண்டு காலும் தரையில் ஊன்றி, முன்கூட்டியே அந்த இடத்தைப் பிடித்திருந்தாள். மோதல் மார்பில் நடந்தது. கூடைக்குக் கீழே உள்ள 1.25 மீட்டர் அரைவட்டத்துக்கு வெளியே நடந்தது. நீங்கள் எழுதியபடி இவை அத்தனையும் சரி என்றால் அது சார்ஜிங்தான். நம் ஊர் சிமென்ட் தரைகளில் அந்த அரைவட்டம் பெரும்பாலும் அழிந்துபோய்க் கிடக்கும். ஆட்டத்துக்கு முன்பு சுண்ணாம்பாலாவது போடச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்கிற நடுவர் தன் வேலையை அறிந்தவர்.

நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டியது அந்த விசிலை அல்ல. அதற்கு முன்பு நீங்கள் ஊதாமல் விட்ட விசில்கள்தான் பிரச்சினை.

ஒரு டெக்னிக்கலால் யாருக்கு என்ன நஷ்டம்?

டெக்னிக்கல் கொடுத்தால் கோச் உடனே வெளியேற வேண்டும், ஆட்டமே கலைந்துவிடும், பிள்ளைகள் தண்டனை சுமப்பார்கள் என்ற பயம் உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. விதிப்படி அப்படி இல்லை. கோச்சின் நடத்தைக்காகக் கொடுக்கும் டெக்னிக்கலுக்கு எதிரணிக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. அது முடிந்ததும், ஆட்டம் நின்றபோது பந்து யாரிடம் இருந்ததோ அல்லது யாருக்குச் சேர வேண்டுமோ, அந்த அணியே நின்ற இடத்திலிருந்து தொடரும். கோச்சின் டெக்னிக்கல் அணியின் ஃபவுல் கணக்கில் சேராது. ஒரு குவார்ட்டரில் நான்கு அணி ஃபவுலுக்கு மேல் போனால் வரும் ஃப்ரீ த்ரோ நெருக்கடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்தப் பிள்ளையின் ஐந்து ஃபவுல் கணக்கிலும் இது ஏறாது. அதிகபட்ச நஷ்டம் ஒரு பாயிண்ட்.

தன் சொந்த நடத்தைக்காக இரண்டு டெக்னிக்கல் வாங்கினால்தான் கோச் வெளியேற்றப்படுவார். ஸ்கோர் ஷீட்டில் 'சி' என்று எழுதுவது அதற்குத்தான். பெஞ்சில் இருக்கும் மற்றவர்கள் செய்ததற்காக அவர் பெயரில் விழுவது 'பி'. அந்தக் கணக்கும் சேர்ந்து மொத்தம் மூன்று ஆனாலும் வெளியேற்றம்தான். ஆக, முதல் 'சி' என்பது அவருக்குத் தரப்படும் ஒரு வாய்ப்பு. நிதானத்துக்குத் திரும்ப முழு ஆட்டமும் அவர் முன்னால் இருக்கும். உங்கள் ஆட்டத்தில் அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்கவே இல்லை. இரண்டாவது குவார்ட்டரில் அவர் கோட்டைத் தாண்டியபோது ஒரு எச்சரிக்கை, மேசைக்குப் போய் ஷீட்டை இழுத்தபோது ஒரு டெக்னிக்கல் என்று நடந்திருந்தால், மூன்றாவது குவார்ட்டரில் அந்த வார்த்தையைச் சொல்லும் துணிச்சல் அவருக்கு வந்திருக்குமா என்று யோசியுங்கள். வாய்க்கால் கரையில் விரல்கடை அளவு கசிவு தெரியும்போது ஒரு மண்வெட்டி மண் போதும். உடைத்துக்கொண்ட பிறகு ஊரே திரண்டாலும் அடைக்க முடியாது. டெல்டாவில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாட்டில் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் வருத்தமில்லை, முதன்மை நடுவர் மேல்தான் வருத்தம். கோபத்தில் ஆடுகளத்துக்குள் பொருளை வீசுவது குறைந்தபட்சம் டெக்னிக்கல். யார் மேலாவது குறிபார்த்து எறிந்திருந்தால் நேரடியாக வெளியேற்றம், இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் எதிரணிக்கே. பிள்ளைகள் ஓடுகிற தரையில் ஒரு பாட்டில் உருண்டால் கணுக்கால் போய்விடும். "விடுங்க மேடம்" என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

குரு மரியாதை எங்கே, விசில் எங்கே

உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று கடிதத்தில் தெரிகிறது. "என் அப்பாவுக்கு அடுத்து அவர்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நன்றி பெரிய விஷயம், அதை யாருக்காகவும் விட்டுவிடாதீர்கள். ஆட்டத்துக்கு முன்பு போய் வணங்கி, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேளுங்கள். அவர் வீட்டில் விசேஷம் என்றால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். ஆனால் எதிர் அணியிலும் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவர் அந்தக் கோச்சின் மாணவி என்பது அவர்களுக்கும் தெரியும். அவர் என்ன பேசினாலும் நடுவர் வாய் திறக்கவில்லை என்பதை அந்தப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள்? உங்கள் மௌனத்தை நடுநிலை என்று நினைத்திருக்கிறீர்கள். பார்த்தவர்களுக்கு அது ஒரு பக்கம் சாய்ந்ததாகத்தான் தெரிந்திருக்கும்.

மேசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிளஸ் ஒன் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். அவளுக்குப் பாதுகாப்பு நீங்கள் இருவரும்தான். கோச் மேசையில் ஸ்கோர், டைம்-அவுட் விவரம் கேட்கலாம். அதுவும் பந்து ஆட்டத்தில் இல்லாமல், கடிகாரமும் நின்றிருக்கும்போது, மரியாதையாக. ஷீட்டைத் தொட அவருக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மத்தியில் ஒரு பெண் நடுவரை 'டி' போட்டு அழைத்ததை, கோச் நடுவர் தகராறு என்ற அளவோடு முடித்துவிட முடியாது. ஆண் நடுவரிடம் அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த இரண்டு அணியிலும் நாளைக்கு நடுவராக வர நினைக்கும் பெண்கள் இருக்கலாம். அந்த இடத்தில் எச்சரிக்கை கூடத் தேவையில்லை, நேராக டெக்னிக்கல்.

கத்தல் எல்லாம் ஒரே ரகம் இல்லை

எல்லாவற்றுக்கும் விசிலை எடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன, வேண்டுமென்றே செய்யாத மீறல்களை எச்சரிக்கையோடு விடவும், கண்டுகொள்ளாமல் விடவும் விதியே இடம் தருகிறது. கோச் வாயிலிருந்து வருவதைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள்.

சில சமயம் அது உண்மையான கேள்வி. "அது ஏன் சார்ஜிங்?" என்று கேட்டால், ஆட்டம் நின்ற நேரத்தில் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம்: "டிஃபெண்டர் முன்னாடியே நின்னுட்டாங்க சார், மோதினது மார்புல." உங்கள் கோணத்திலிருந்து தெரியாத விஷயம் என்றால் அதையும் அப்படியே சொல்லலாம். அதனால் மதிப்பு குறையாது. சில சமயம் அது வெறும் புலம்பல், "என்னம்மா இது!" என்ற மாதிரி. காதில் வாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருங்கள். ஒரு பார்வை போதும். உங்கள் நேர்மையைச் சந்தேகித்தாலோ, உங்கள் உடம்பையோ பிறப்பையோ இழுத்தாலோ, பிள்ளைகளை உங்கள் மேல் ஏவிவிட்டாலோ, கோட்டைத் தாண்டி உங்களை நோக்கி வந்தாலோ, அதற்குப் பதில் விசில்தான்.

'டிராவலிங்' கத்தலை மட்டும் கொஞ்சம் பொறுமையோடு பார்க்கச் சொல்வேன். ஓடிக்கொண்டே பந்தைக் கைப்பற்றும் பெண்ணின் ஒரு கால் அந்த நொடியில் தரையில் இருந்தால் அது கணக்கில் வராது. அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு. இந்த விதி 2017-ல் வந்தது. அதற்கு முன்பு ஆடிப் பழகிய மூத்த கோச்சுகள் பலருக்கு அந்த முதல் கால் இன்றைக்கும் ஒன்றாகத்தான் தெரிகிறது, அதனால் அவர்கள் கண்ணுக்கு மூன்றடி. உங்கள் சார் மனதார நீங்கள் தப்பு செய்வதாக நம்பியிருக்கலாம். முதல் குவார்ட்டரிலேயே, ஒரு டைம்-அவுட்டில், "சார், பிடிக்கும்போது தரையில் இருக்கிற கால் ஜீரோ, இரண்டு அணிக்கும் அப்படித்தான் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால் பாதிச் சூடு தணிந்திருக்கும். போட்டித் தொடங்கும் முன் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் விதி விளக்கம் நடத்தச் சொல்லி அமைப்பாளர்களிடம் நான் பலமுறை மன்றாடியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் எல்லா ஆட்டத்தையும் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அதுதான் முதலில் வெட்டுப்படுகிறது.

பேசும்போது எங்கே நிற்பது என்பதும் முக்கியம். நேருக்கு நேர் முகம் பார்த்து நின்றால் அது சண்டையாகத்தான் தெரியும், கூட்டமும் ஏறிக்கொள்ளும். அவர் பக்கத்தில், இருவரும் ஆடுகளத்தைப் பார்த்தபடி நின்று, தாழ்ந்த குரலில் பேசுங்கள். விரல் நீட்டாதீர்கள். பந்து ஓடும்போது பதிலே சொல்லாதீர்கள், கண் பந்தை விட்டுப் போய்விடும். எச்சரிக்கை சொல்வதென்றால் சுருக்கமாக: "சார், கேட்டுட்டேன். இதுக்கு மேல போனா டெக்னிக்கல்." சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். உடனே சக நடுவரிடம் "எச்சரிச்சாச்சு" என்று தெரிவியுங்கள், இல்லாவிட்டால் அவர் புதிதாக ஆரம்பிப்பார். டெக்னிக்கல் கொடுக்க வேண்டி வந்தால், கை இரண்டையும் ஆங்கில 'T' எழுத்து வடிவில் ஒருமுறை காட்டி, நேரே மேசைக்குப் போய்ச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். கோச் பின்னால் வந்தால் நடுவில் வந்து நிற்க வேண்டியது சக நடுவர். இரண்டு பேரில் இளையவர் யார், யார் தனியாக இருக்கிறார் என்று பார்த்துத்தான் இப்படிப்பட்ட கோச்சுகள் அழுத்தம் கொடுப்பார்கள். அதனால் ஆட்டத்துக்கு முன்பே சக நடுவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பெஞ்ச் பக்கம் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம், தலைமைக் கோச்சோ முதல் உதவிக் கோச்சோ. இதை ஆட்டத்துக்கு முன் இரண்டு கோச்சையும் கேப்டன்களையும் ஒன்றாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். தனியாக அவரிடம் மட்டும் சொன்னால் குத்திக் காட்டுவதுபோல ஆகிவிடும்.

சமன் செய்யும் விசில்

பாட்டில் வீசியதற்குப் பிறகு எதிரணிப் பெண்ணுக்கு ஒரு "சந்தேகமான ஹோல்டிங்" (பிடித்து நிறுத்தும் ஃபவுல்) கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சார் கொஞ்சம் அமைதியாகட்டும் என்று கொடுத்தேன் என்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு உறுத்தியது இந்த ஒரு வரிதான். அடங்காத ஒருவரை அடக்க, ஒன்றும் செய்யாத ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் மேல் ஃபவுல் ஏறிவிட்டது. தவிர, கத்தினால் கிடைக்கும் என்பதை அந்தக் கோச்சுக்கும் அன்றைக்குக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். உங்கள் மேல் காசுப் பழி போட்டவர்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இப்படி ஒரு விசிலை வீடியோவில் நிறுத்தி நிறுத்திக் காட்டினால் எதிரணிப் பெற்றோருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் ஊதுங்கள். போன விசில் தப்பாக இருந்தாலும் அடுத்த விசில் அதற்கு ஈடு ஆகாது.

புகார், வேலை, வீடியோ

ரிசல்ட்டை கேன்சல் பண்ணுவேன் என்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சு. சர்வதேச விதிப்படி, ஆட்சேபம் இருந்தால் ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் அணியின் கேப்டன் நடுவரிடம் தெரிவித்து, ஸ்கோர் ஷீட்டில் அதற்கான இடத்தில் கையெழுத்திட வேண்டும். ஸ்கோர், நேரம் எழுதுவதில் திருத்தப்படாத பிழை, ஆட்டக்காரர் தகுதி போன்றவற்றுக்குத்தான் அது. சார்ஜிங்கா பிளாக்கிங்கா (தப்பு மோதியவர் மேலா, தடுத்தவர் மேலா) என்ற தீர்ப்பு அதில் வராது. அந்த அணியின் கேப்டன் கையெழுத்திடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போட்டிக்கென்று அனுப்பிய சுற்றறிக்கையில் தனி விதி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை போய்விடும் என்ற பயத்தை விடுங்கள். ஒரு புகார் மனு போனதாலேயே யாருடைய வேலையும் போவதில்லை. நடவடிக்கை என்று வந்தால் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(ஏ) அல்லது 17(பி) படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை வர வேண்டும், உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும், பெரிய தண்டனை என்றால் விசாரணை நடக்க வேண்டும். ஒரு ஃபவுல் கொடுத்ததை வைத்து அந்த அளவுக்குப் போக முகாந்திரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நடுவர் பணிக்கு உங்களை அனுப்பிய ஓ.டி. (வெளிப்பணி) உத்தரவு நகலைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் அங்கே பணியில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் சான்று.

ஆனால் நீங்கள் இதுவரை ஒரு வரிகூட எழுத்தில் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. ஆட்டத்துக்குப் பிந்தைய மோசமான நடத்தையை, முதன்மை நடுவர் கையெழுத்திடும் முன்பே ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கத்தில் குறித்து, அமைப்பாளருக்கு அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது அதற்கும் பிறகு. பரவாயில்லை, இந்த வாரமே எழுதுங்கள். தலைமை ஆசிரியர் வழியாக, போட்டி அமைப்பாளருக்கும் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கும். தேதி, இடம், எந்தக் குவார்ட்டர், சொன்ன வார்த்தை அப்படியே, அருகில் கேட்டவர் யார். "அநாகரிகமாக நடந்தார்" என்று பொதுவாக எழுதினால் மறுப்பது சுலபம். "உனக்கு விசில் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தாண்டி என்றார், மூன்றாவது குவார்ட்டர்" என்று எழுதினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். தாமதத்துக்கான காரணத்தையும் உள்ளபடியே எழுதிவிடுங்கள். சீல் போட்ட நகல் கையில் இருக்கட்டும்.

இனி போலீஸ். வண்டியை மறித்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 126-ஆவது பிரிவிலும், மிரட்டியது 351-ஆவது பிரிவிலும் வரக்கூடியவை. புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். "நீ அரசு ஊழியர், தடுத்தாலே ஜாமீனில் வர முடியாத கேஸ்" என்று தோழி ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 132-ஆவது பிரிவுக்குத் தாக்குதலோ பலப்பிரயோகமோ இருக்க வேண்டும், சத்தம் போட்டது போதாது. என் யோசனை இது: முதலில் துறைக்கு அறிக்கை. மறுபடி வழிமறித்தாலோ, வீட்டுப் பக்கம் வந்தாலோ, போனில் மிரட்டினாலோ அன்றே காவல் நிலையம், ஒரு நாள்கூடத் தள்ளாமல். இப்போதே பயம் அதிகமாக இருக்கிறது என்றால் இன்றைக்கே போங்கள். அது உங்கள் உரிமை, யாரும் குறை சொல்ல முடியாது. அதை யோசிக்கும்போது இதையும் எண்ணுங்கள்: புகார் போனால் அந்த இரண்டு பெற்றோரும் எதிரிகளாகச் சேர்வார்கள், அவர்கள் பிள்ளைகள் அடுத்த மாதமும் அதே ஆடுகளத்தில் ஆடுவார்கள்.

வீடியோ அவதூறுதான், 356-ஆவது பிரிவு. அதற்கு மாஜிஸ்திரேட் முன்பு தனிப்புகார் போட வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். முதலில் குழு நிர்வாகியிடம் நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பிறகு தேவைப்பட்டால் வக்கீல் நோட்டீஸ். வீடியோவை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். முதலில் வந்த போனிலேயே, அனுப்பிய எண்ணும் நேரமும் தெரிய வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும், அதற்கு அந்தப் போன் வேண்டும். நீங்களும் பதிலுக்கு ஸ்டேட்டஸ் போடாதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதி உங்களைத்தான் முதலில் பிடிக்கும். நீதிமன்றம் போவதாக இருந்தால் துறைக்கு எழுதி அனுமதி பெற்றுக்கொண்டு போங்கள்.

அடுத்த மாதம்

முழுவதுமாக ஒதுங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் கத்தும் ஒவ்வொரு நடுவரும் விலகினால், கடைசியில் யார் விசில் ஊத வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுப்பதுபோல ஆகிவிடும். அதே சமயம், அவர் அணியின் ஆட்டத்துக்கே போய் நின்று நிரூபிக்கவும் வேண்டாம். "அவர் என் முன்னாள் கோச், போன மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறேன், அந்த அணியின் ஆட்டம் தவிர மற்றவை எனக்குச் சம்மதம்" என்று அமைப்பாளருக்கு எழுதுங்கள். நம் பகுதியில் இன்றைக்கு நீங்கள் ஊதும் ஆட்டத்தின் கோச், நாளைக்கு உங்கள் பள்ளி ஆட்டத்துக்கு நடுவர். இந்த நெருக்கத்தில் உறவைச் சொல்லி விலகுவது கோழைத்தனம் ஆகாது. இதை எழுதிக் கொடுக்கும் பழக்கம் இங்கே எல்லோருக்கும் வர வேண்டும். ஆள் இல்லை, நீங்கள்தான் ஊத வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தால், அனுபவமுள்ள வேறு முதன்மை நடுவர், பெற்றோரை பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைப்பது, மேசையில் ஒரு ஆசிரியர் என்ற மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு ஊதுங்கள்.

சாரைப் போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அறிக்கை கொடுத்த பிறகு பார்க்கலாம். தனியாக வேண்டாம். இருவருக்கும் வேண்டிய மூத்த உடற்கல்வி இயக்குநர் ஒருவரோடு போங்கள். அவர் பக்கமும் பாரம் இருக்கிறது. தனியார் பள்ளியில் கோச்சுக்கு ஒரு தோல்வி என்றால் நிர்வாகத்திடம் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கோ அது கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சீட்டுக்கான சான்றிதழ். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள், அறிக்கையைத் திரும்ப வாங்குவதாகவும் சொல்லாதீர்கள். "வெளியே நான் என்றைக்கும் உங்கள் மாணவி சார். உள்ளே இரண்டு அணிக்கும் நடுவர்" என்று சொன்னால் போதும். அவர் ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம். அதற்கும் தயாராகப் போங்கள்.

கடைசியாக, விசிலே வேண்டாம் என்று சொல்லும் உங்கள் அப்பா. அவர் பயம் நியாயமானது, வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மாலை ஆட்டங்களுக்கு இன்னொரு ஆசிரியையோடு போய், சேர்ந்தே திரும்புங்கள். வண்டியை வெளிச்சமான இடத்தில், ஆசிரியர்கள் நிறுத்துமிடத்தில் விடுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரையே கூட்டிக்கொண்டு போய், நீங்கள் ஊதும் ஒரு ஆட்டத்தை முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையின் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.